“உசரத்தை எதுக்கு டேப் வெச்சு அளக்குறாங்க?” - ஐ.சி.யூ வாசலில் நிற்பவர்களுக்கு நுரையீரல் பற்றி ஒரு விளக்கம்!

அத்தை ஐ.சி.யூ-வில் சேர்க்கப்பட்ட இரண்டாம் நாள் காலை. பார்வையாளர் நேரத்தில் உள்ளே போன மாமா, முகம் வெளிறிப்போய் வெளியே வந்தார்.

“நர்ஸம்மா டேப்பை வெச்சு தலையிலேர்ந்து கால் வரைக்கும் அளக்குறாங்க. அளந்து பேப்பர்ல குறிச்சுக்கிட்டாங்க. எதுக்குன்னு கேக்கவே பயமா இருக்கு” என்றார். எங்கள் ஊரில் படுத்திருப்பவரை அப்படி அளந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதை மாமா வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால், அடுத்த பத்தாவது நிமிடம், “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா?” என்று கேட்டார்.

அந்த டேப் எதற்கு என்பதற்கான பதில் கிடைத்ததால்தான் அத்தை அன்று அங்கேயே இருந்தார். இன்று வீட்டில் இருக்கிறார். அந்தப் பதிலையும், அதையொட்டித் தெரிந்துகொண்ட மற்ற விஷயங்களையும் இந்த வாரம் பகிர்கிறேன். ஏனென்றால், “வென்டிலேட்டர்ல போட்டா அவ்வளவுதான்” என்ற பயத்தில் மாமாவைப் போல யோசிக்கும் குடும்பங்கள் நிறைய.

ஆறு நாள் காய்ச்சல்

கார்த்திகை மாதம். மழை விட்டு, வரப்பெல்லாம் புல் மண்டிக்கிடந்த நேரம். அத்தை ஆடுகளுக்குத் தினமும் தழை ஒடிக்கப் போவார். திடீரென்று காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கும், மறுபடி ஏறும். ஐந்து நாள் இப்படியே போனது.

ஆறாம் நாள், வாசலில் இருந்து அடுப்படி வரை நடந்ததற்கே அத்தைக்கு மூச்சு வாங்கியது. “சோறு வடிச்சாச்சா?” என்ற கேள்வியையே இரண்டு தவணையாகக் கேட்டார். மருத்துவமனையில் விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டியபோது காட்டிய அளவு 84. எக்ஸ்ரேயில், கறுப்பாகத் தெரிய வேண்டிய இரண்டு நுரையீரல்களும் வெள்ளைப் பஞ்சை அடைத்ததுபோல இருந்தன. முதலில் மாஸ்க், பிறகு வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் கருவி, இரவு வென்டிலேட்டர்.

டாக்டர் சொன்ன பெயர் ‘ஏ.ஆர்.டி.எஸ்’. அதாவது, அக்யூட் ரெஸ்பிரேட்டரி டிஸ்ட்ரெஸ் சிண்ட்ரோம். தமிழில், தீவிர மூச்சுத்திணறல் நோய்த்தொகுப்பு என்று சொல்லலாம்.

நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது?

நம் நுரையீரல்களுக்குள் 30 கோடிக்கும் மேற்பட்ட குட்டிக் குட்டிக் காற்றறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மெல்லிய ரத்தக்குழாய்கள் வலைபோலச் சுற்றியிருக்கும. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவர், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் மெல்லியது. அதன் வழியாகத்தான் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போகிறது, கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது.

உடலில் கடுமையான தொற்றோ காயமோ ஏற்படும்போது, அதை எதிர்க்கக் கிளம்பும் நம் நோய் எதிர்ப்பு அணுக்களும் அவை சுரக்கும் ரசாயனங்களும் இந்த மெல்லிய சுவரையும் சேர்த்துச் சேதப்படுத்திவிடுகின்றன. சுவர் கசிகிறது. ரத்தத்தில் இருக்கும் நீரும் புரதமும் காற்றறைகளுக்குள் இறங்குகின்றன. அறைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்திருக்க உதவும் ‘சர்ஃபாக்டன்ட்’ என்ற வழவழப்பான பொருளும் வீணாகிறது. சில அறைகள் நீரால் நிரம்ப, சில அறைகள் சுருங்கி மூடிக்கொள்கின்றன.

அதனால்தான் மூக்கில் எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் ரத்தத்தில் அளவு ஏறுவதில்லை. கதவு திறந்திருக்கிறது, வீட்டுக்குள் வெள்ளம் நிற்கிறது. அதுதான் நிலைமை.

இதயம் பலவீனமானாலும் நுரையீரலில் நீர் சேரும். அது வேறு. அங்கே அழுத்தம் அதிகமாகி நீர் தள்ளப்படுகிறது. இங்கே சுவரே ஓட்டையாகிறது. இரண்டையும் பிரித்தறியத்தான் எக்கோ போன்ற பரிசோதனைகளைச் செய்கிறார்கள்.

பல காரணங்கள், ஒரே முடிவு

1967-ல் அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள், 12 நோயாளிகளைப் பற்றி ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார்கள். அவர்களில் விபத்தில் அடிபட்டவர்கள், தொற்று வந்தவர்கள், கணைய அழற்சி வந்தவர் எனப் பலதரப்பட்டவர்கள் இருந்தார்கள். நோய் வேறு வேறு. ஆனால், நுரையீரல் பாதிக்கப்பட்ட விதம் எல்லோருக்கும் ஒரே மாதிரி. இந்த நோய்க்குத் தனி அடையாளம் கிடைத்தது அப்போதுதான்.

இன்று மருத்துவர்கள் பட்டியலிடும் காரணங்களை இரண்டாகப் பிரிக்கலாம்.

நுரையீரலை நேரடியாகத் தாக்குபவை: நிமோனியா, கொரோனா, ஃப்ளூ போன்ற தொற்றுகள், வாந்தியோ உணவோ மூச்சுக்குழாய்க்குள் போவது, நீரில் மூழ்குவது, தீ விபத்துப் புகை, மார்பில் பலத்த அடி.

வேறிடத்தில் தொடங்கி நுரையீரலுக்கு வருபவை: ரத்தத்தில் பரவும் தொற்றான செப்சிஸ், கணைய அழற்சி, பெரிய விபத்துக் காயங்கள், அரிதாக ரத்தம் ஏற்றும்போது ஏற்படும் எதிர்வினை. நம் ஊர்களில் இவற்றோடு மலேரியா, எலிக்காய்ச்சல், டெங்கு, ஸ்க்ரப் டைபஸ் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பட்டியலில் இரண்டை நாம் வீட்டிலேயே தவிர்க்கலாம். ஒன்று, மயங்கிக் கிடப்பவர், வலிப்பு வந்தவர் வாயில் தண்ணீர், சோடா, காபி ஊற்றுவது. அது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகலாம். இரண்டு, மண்ணெண்ணெய் குடித்துவிட்ட குழந்தையை வாந்தி எடுக்கவைப்பது. குடித்ததைவிட, வாந்தியின்போது நுரையீரலுக்குள் போகும் மண்ணெண்ணெய்தான் அதிக ஆபத்து. வாய்க்குள் விரலை விடாமல், உப்புக்கரைசல் கொடுக்காமல், நேராக மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அந்த டேப்புக்கான பதில்

மாமாவுக்காக நானே போய்க் கேட்டேன். ட்யூட்டியில் இருந்த இளம் டாக்டர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மாமாவை உட்காரவைத்து, “ஐயா, ஒவ்வொரு மூச்சுக்கும் மெஷின் எவ்வளவு காத்து கொடுக்கணும்னு முடிவு பண்ணத்தான் உயரத்தை அளக்குறோம். உடம்பு இளைச்சாலும் பெருத்தாலும் நுரையீரல் அளவு மாறாது. அது உயரத்தைப் பொறுத்தது” என்றார்.

அவர் விளக்கியதன் சாரம் இதுதான். ஒருகாலத்தில் வென்டிலேட்டரில் நிறைய காற்றைத் தள்ளினால் நிறைய ஆக்சிஜன் போகும் என்று நினைத்தார்கள். ஆனால், ஏ.ஆர்.டி.எஸ் வந்தவர்களின் நுரையீரலில் பெரும்பகுதி மூடிக்கிடக்கும். மிச்சமிருக்கும் நல்ல பகுதி, ஒரு குழந்தையின் நுரையீரல் அளவுக்குத்தான் இருக்கும். பெரியவருக்கான காற்றை அதற்குள் திணித்தால் அதுவும் கிழிந்துபோகும்.

2000-ல் அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு இதை உறுதிசெய்தது. உயரத்தை வைத்துக் கணக்கிடப்படும் எடையில், கிலோவுக்கு 12 மி.லி என்ற அளவில் காற்று கொடுக்கப்பட்டவர்களில் 39.8 சதவிகிதம் பேர் இறந்தார்கள். 6 மி.லி மட்டும் கொடுக்கப்பட்டவர்களில் இறந்தவர்கள் 31 சதவிகிதம். புது மருந்து இல்லை, புது மெஷினும் இல்லை. காற்றைப் பாதியாகக் குறைத்ததே பலரைக் காப்பாற்றியது.

அத்தையின் உயரம் 152 செ.மீ. எடை 68 கிலோ. ஆனால், அந்த உயரத்துக்கான கணக்கு எடை 45 கிலோதான். அப்படியென்றால் ஒரு மூச்சுக்குச் சுமார் 270 மி.லி. அதாவது, கால் லிட்டருக்குச் சற்றே அதிகம். டேப் இல்லாமல் கட்டில் எடையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டிருந்தால், அது 400 மி.லி-யைத் தாண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் கேட்ட மாமா, “அப்ப அளந்தது பொழைக்க வெக்கத்தானா?” என்று மட்டும் கேட்டார். வீட்டுக்குக் கூட்டிப்போகும் பேச்சு அத்தோடு நின்றது.

குப்புறப் படுக்கவைப்பது ஏன்?

அன்று மாலை இன்னொரு கையெழுத்து கேட்டார்கள். அத்தையைக் குப்புறப் படுக்கவைக்க வேண்டுமாம், அதுவும் 16 மணி நேரத்துக்கு.

மல்லாந்து படுக்கும்போது, இதயத்தின் எடையும் நீர் கோத்த நுரையீரலின் எடையும் முதுகுப்பக்கம் இருக்கும் காற்றறைகளை அழுத்துகின்றன. நுரையீரலில் பெரும்பகுதி இருப்பதே முதுகுப்பக்கம்தான். குப்புறப் படுத்தால் அந்த அழுத்தம் விலகி, மூடிய அறைகள் திறக்கின்றன. ரத்தமும் காற்றும் ஒரே இடத்தில் சந்திக்க வழி பிறக்கிறது.

2013-ல் வெளியான ஓர் ஆய்வில், நிலைமை மோசமாக இருந்த 466 நோயாளிகளில், தினமும் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்கவைக்கப்பட்டவர்களில் 28 நாள்களுக்குள் இறந்தவர்கள் 16 சதவிகிதம். மல்லாந்தே இருந்தவர்களில் அது 32.8 சதவிகிதம். ஒருவரைத் திருப்ப நான்கைந்து பேர் வேண்டும். குழாய்கள் எதுவும் கழன்றுவிடக் கூடாது. கஷ்டமான வேலை என்றாலும் பலன் பெரிது.

ஒரு விஷயத்தை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். குப்புறப் படுத்திருந்தவரின் முகமும் கண்களும் வீங்கியிருக்கும். பார்த்ததும் பதறாதீர்கள். அது பெரும்பாலும் ஓரிரு நாள்களில் வடிந்துவிடும்.

எக்மோ எல்லோருக்குமா?

2016-ல் ஜெயலலிதாவும், 2020-ல் எஸ்.பி.பாலசுப்ரமணியமும் சிகிச்சையில் இருந்தபோது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்துகொண்ட சொல் ‘எக்மோ’. ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, மறுபடி உள்ளே அனுப்பும் கருவி அது. வென்டிலேட்டர், குப்புறப் படுக்கை எல்லாம் கைகொடுக்காத, ஆனால் மீள வாய்ப்பிருக்கும் நோயாளிகளுக்குத்தான் அது. நுரையீரலை அது குணப்படுத்துவதில்லை, குணமாக நேரம் வாங்கித்தருகிறது. செலவும், ரத்தக்கசிவு போன்ற ஆபத்துகளும் அதிகம். “எக்மோ வைக்கலையே” என்று வருந்துவதற்கு முன், அது தேவைப்படும் கட்டம்தானா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

உண்மையில் வென்டிலேட்டரும் அப்படித்தான். கசியும் சுவரை உடனே அடைத்துவிடும் மாத்திரை எதுவும் இல்லை. கொரோனாவில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பைக் குறைத்தது 2020-ல் நிரூபணமானது. மற்ற காரணங்களால் வரும் ஏ.ஆர்.டி.எஸ்-ஸுக்கும் ஆளைப் பார்த்து, நேரத்தைப் பார்த்து ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். நரம்பு வழியாகச் செல்லும் திரவத்தையும் அளந்தே கொடுக்கிறார்கள். “ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க” என்று நாம் கேட்கும் அந்தக் கூடுதல் பாட்டில், கசியும் நுரையீரலுக்குள்தான் போய்ச் சேரும்.

ஆக, நுரையீரல் தானாகத்தான் ஆற வேண்டும். அதுவரை தாங்கிப்பிடிப்பது ஒரு பாதி. மூல காரணத்தைக் கண்டுபிடித்து ஒழிப்பது மறு பாதி.

இடுப்பில் இருந்த கறுப்புப் பொருக்கு

அத்தையைக் குப்புறத் திருப்பியபோதுதான் ஒரு நர்ஸ் அதைப் பார்த்தார். பின் இடுப்பில், பாவாடை நாடா இறுகும் இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு. வலிக்காது, அரிக்காது. அதனால் அத்தைக்கே தெரியவில்லை.

அது ஸ்க்ரப் டைபஸின் அடையாளம். மாட்டிலும் நாயிலும் நாம் பார்க்கும் பெரிய உண்ணி இல்லை இது. புல், புதர்களில் இருக்கும், கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் வரும் பாக்டீரியா தொற்று. கடித்து ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வரும். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. தமிழ்நாட்டில் மழைக்காலமும் அதையொட்டிய குளிர்மாதங்களும் இதற்கான பருவம். பொருக்கு எல்லோருக்கும் இருக்காது. இருந்தாலும் அக்குள், மார்புக்குக் கீழ், தொடை இடுக்கு என மறைவான இடங்களில்தான் இருக்கும்.

நல்லவேளையாக, சந்தேகத்தின் பேரில் முதல் நாளே அதற்கான மருந்தையும் தொடங்கியிருந்தார்கள். ரத்தப் பரிசோதனையும் பிறகு அதையே சொன்னது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையிலேயே இது குணமாகிவிடும். முற்றிய நிலையில் டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்பதை, வேலூர் சி.எம்.சி மருத்துவர்கள் தலைமையில் இந்தியாவின் பல மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023-ல் காட்டியது. அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களுக்கு அதிகம் பாதிக்கப்பட்டிருந்ததும் நுரையீரல்தான்.

மருந்தை நாமே கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. “டாக்டர், நான் தினமும் புல் அறுக்கப் போறேன்” என்ற ஒரு வரியை முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எப்போது ஓட வேண்டும்?

• ஓய்வாக இருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 24-ஐத் தாண்டினால் மருத்துவமனைக்குப் போங்கள். 30 என்றால் அவசரம்.

• குழந்தைகளுக்குக் கணக்கு வேறு. 2 மாதத்துக்குள் 60, 2 முதல் 12 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ தாமதிக்க வேண்டாம்.

• ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாதது, உதடு நீலமாவது, பேச்சு குழறுவது, தூக்கக் கலக்கமாகவே இருப்பது, சிறுநீர் குறைவது... காய்ச்சலோடு இவற்றில் எது இருந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

• ஆக்ஸிமீட்டரில் 94-க்குக் கீழே போனால் மருத்துவரைப் பாருங்கள், 90-க்குக் கீழே என்றால் அவசர சிகிச்சை. (நீண்டநாள் நுரையீரல் நோய் இருப்பவர்களுக்கு மருத்துவர் சொன்ன அளவுதான் கணக்கு.) நெயில் பாலிஷ், மருதாணி, ஜில்லிட்ட விரல் ஆகியவை அளவைத் தவறாகக் காட்டலாம். கறுத்த சருமத்தில் கருவி சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். கருவி நல்ல அளவைக் காட்டி, ஆள் திணறினால், ஆளைத்தான் நம்ப வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன்...

ஐ.சி.யூ வாசலில் நம் மூளை வேலை செய்யாது. இந்தக் கேள்விகளை போனில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

“மூல காரணம் என்னன்னு நினைக்குறீங்க?” “நிலைமை லேசா, மிதமா, கடுமையா?” “ஆக்சிஜன் தேவை நேத்தைவிட இன்னிக்குக் கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?” “கிட்னி, இதயம் எப்படி இருக்கு?” “குப்புறப் படுக்கவைக்க வேண்டியிருக்குமா?” “வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தணும்னா, எந்த நேரத்துல மாத்துறது பாதுகாப்பு?”

குடும்பத்தில் ஒரே ஒருவர் மட்டும் தினமும் டாக்டரிடம் பேசுங்கள். ஆளாளுக்குக் கேட்டு ஆளாளுக்குப் புரிந்துகொண்டால் குழப்பம்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், சேர்க்கும் அன்றே கவுன்ட்டரில் காட்டிவிடுங்கள்.

பொய்யான நம்பிக்கை கொடுக்க எனக்கு விருப்பமில்லை. 50 நாடுகளில் நடந்து 2016-ல் வெளியான பெரிய ஆய்வில், ஏ.ஆர்.டி.எஸ் வந்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். இது அவ்வளவு கொடிய நோய். ஆனால், மீதி ஆறு பேர் வீட்டுக்குப் போனார்கள். வென்டிலேட்டருக்குப் போனவர் திரும்பவே மாட்டார் என்பது உண்மையில்லை.

வீடு திரும்பிய பிறகு

அத்தைக்குப் பத்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். இல்லை. சீப்பைப் பிடித்துத் தலை வார முடியவில்லை. இரவில் திடுக்கிட்டு எழுந்து, “யாரோ கையைக் கட்டிப்போட்டாங்க” என்பார். சின்ன விஷயத்துக்கும் அழுவார். “ஆஸ்பத்திரி போய் வந்ததுலேர்ந்து வேலை செய்ய வணங்கல” என்று சொந்தத்திலேயே சிலர் பேசினார்கள்.

கனடாவின் டொரன்டோ மருத்துவர்கள், ஏ.ஆர்.டி.எஸ்-லிருந்து மீண்ட 109 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்து 2003-ல் எழுதியதைப் படித்தபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. பெரும்பாலானவர்களின் நுரையீரல் ஓராண்டுக்குள் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஆனால், தசைகளின் பலவீனம் போகவில்லை. ஓராண்டு கழித்தும் பாதிப்பேர்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். பயம், மனச்சோர்வு, மறதி ஆகியவையும் பலருக்கு வரும். இது சோம்பேறித்தனம் இல்லை, நோயின் மிச்சம்.

பிசியோதெரபி, புரதம் நிறைந்த சாப்பாடு, தினமும் கொஞ்சம் கூடுதலாக நடப்பது, தேவைப்பட்டால் மனநல ஆலோசனை, மருத்துவர் சொல்லும் தடுப்பூசிகள், வீட்டுக்குள் யாரும் பீடி, சிகரெட் பிடிக்காமல் இருப்பது... அடுத்த ஒரு வருடத்துக்கு இவைதான் மருந்து.

அத்தை இப்போது அரைக் குடம் தண்ணீர் தூக்குகிறார். முழுக் குடத்துக்கு இன்னும் சில மாதங்கள் ஆகும் என்கிறார் பிசியோதெரபிஸ்ட். தழை ஒடிக்க மாமாதான் போகிறார், முழுக்கை சட்டையும் பேன்ட்டும் போட்டுக்கொண்டு. வந்ததும் துணியைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். இது அத்தையின் உத்தரவு!